கழுத்துப் புண்ணும் தார்க்குச்சியும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



குருவிநத்தம், சோரியாங்குப்பம் பக்கம் தென்பெண்ணைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதுசு இல்லை. ஆற்றிலிருந்து பாரவண்டி கரையேறும் மேட்டில்தான் மாட்டின் கஷ்டம் கண்ணுக்குத் தெரியும். சக்கரம் மணலில் புதைகிறது. மாடு முன்னங்காலை மடக்கி மண்டி போடுகிறது. வண்டிக்காரர் கீழே குதித்து வாலை முறுக்குகிறார். அதற்கும் நகரவில்லை என்றால் ஆணி வைத்த தார்க்குச்சியால் தொடையில் ஒரு குத்து. மாடு எழுந்து இழுக்கத்தான் செய்கிறது. வலியில் இழுக்கிறதே தவிர, பலத்தில் இழுக்கவில்லை.

நானும் வண்டி ஓட்டின வீட்டில் பிறந்தவன்தான். சின்ன வயசில் வாலை முறுக்கியும் இருக்கிறேன். அதனால் உங்களைக் குற்றம் சொல்ல வரலை, கணக்குச் சொல்ல வந்திருக்கேன்.

ஈர மணல் ஒரு கன அடி ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். கால் யூனிட், அதாவது 25 கன அடி ஏற்றினால் 1,250 கிலோ ஆச்சு. அதே மணல் காய்ந்திருந்தால் ஒரு குவிண்டாலாவது குறையும். தண்ணிக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, ஆனா மாடு அதையும் சேர்த்துத்தான் இழுக்குது. தார் ரோட்டில் டயர் வண்டி தானாக உருளும். அதே வண்டி பொதபொத மணலில் இறங்கினால் இழுக்க வேண்டிய பலம் பல மடங்கு ஆயிடும். அங்கே அடித்து என்ன பயன்? சக்கரத்துக்குப் பின்னால் கல் வையுங்க, பாதிப் பாரத்தை இறக்கி இரண்டு நடையாக ஏற்றுங்க, இல்லாவிட்டால் நாலு பேர் தோள் கொடுங்க. கரும்பானாலும் நெல் மூட்டையானாலும் இதே கதைதான்.

அடுத்தது கழுத்துப் புண். இது நுகத்தடியால் வருவது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாதி புண் பாரம் ஏற்றும் முறையால் வருகிறது. முன்பாரம் அதிகமானால் அத்தனை எடையும் கழுத்தில் உட்காரும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாட்டைப் பூட்டும் முன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பாருங்க. லேசாகக் கனக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாடு உயரம், ஒரு மாடு குட்டை என்று ஜோடி சேர்த்தால் குட்டை மாட்டின் கழுத்துக்குத்தான் கேடு. மழைக்காலத்தில் தோல் ஊறி இருக்கும்போது சீக்கிரம் புண்ணாகும். சிலர் நுகத்தடியில் கோணி சுற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் நனைந்து காய்ந்தால் அது முறுகி ரம்பம் மாதிரி அறுக்கும். மரத்தை நன்றாக இழைத்து, கழுத்து படும் இடத்தை அகலமாகவும் வழுவழுப்பாகவும் வைப்பதே மேல்.

வீக்கம் கண்டால் அன்றைக்கே வேலையை நிறுத்துங்க. முதல் நாள் பச்சைத் தண்ணீர்த் துணி போடலாம். புண் உடைந்திருந்தால் சுத்தமான உப்புத் தண்ணீரில் கழுவி, ஈ மொய்க்காமல் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவி, கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போங்க. பெரிய வைத்தியம் வேண்டுமானால் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பழைய என்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்க.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரை நாட்டியத்துக்காகத்தான் நாம் அறிவோம். 1953ல் அவர் ராஜ்யசபையில் கொண்டுவந்த தனி மசோதாதான், பிறகு 1960ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. அதன் கீழ் 1965ல் பார மாடுகளுக்கென்றே விதிகள் வந்தன. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஓய்வு தராமல் 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது. ஆணி வைத்த கோல் அறவே கூடாது. ஆக, நம் கையில் இருக்கும் தார்க்குச்சி சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். டீக்கடைச் செலவுக்குக் கூடக் காணாத இந்தத் தொகைக்கு யார் பயப்படப் போகிறார்கள் என்று எனக்கும் தோன்றுகிறது.

பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. கழுத்துப் புண்ணோடு நிற்கும் மாட்டுக்கும் தீனி போட்டுத்தான் ஆக வேண்டும், வாடகையோ வராது. சந்தைக்கு ஓட்டினால் வியாபாரி முதலில் கழுத்தைத்தான் தடவிப் பார்ப்பார், அடுத்தது வாலை. எலும்பு முறிந்த வாலை ஒளிக்க முடியுமா?

பெங்களூரில் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த பேராசிரியர் என். எஸ். ராமசாமி, பெரிய படிப்பை எல்லாம் விட்டுவிட்டு மாட்டு வண்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று அந்தக் காலத்தில் சிலர் சிரித்தார்களாம். வண்டியையும் நுகத்தடியையும் திருத்தினால் மாட்டின் வதையும் குறையும், வண்டிக்காரர் வருமானமும் கூடும் என்பதுதான் அவர் வாதம். நமக்கு அதில் எட்டக்கூடியது, அச்சுக்குப் பசை போடுவதும் டயருக்குச் சரியாகக் காற்று அடிப்பதும்.

தை 2ஆம் நாள் கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, பொங்கல் ஊட்டுகிறோம். மூன்று நாள் கழித்து ஆற்றுத் திருவிழாவுக்குக் குடும்பம், பக்கத்து வீட்டுக் குடும்பம் எல்லாம் ஏறிக்கொள்ள, அதே மாட்டை அடித்து ஓட்டிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. கோமாரி வந்து தேறிய மாடு சிலது வெயிலில் நாய் போல இரைக்கும். சோம்பேறி மாடு என்று அதை அடிக்காதீங்க, நோய் விட்டுப்போன கோளாறு அது. காலை வேலையோடு அவிழ்த்து, நிழலில் கட்டி, தண்ணீர் காட்டுங்க. கோடையில் உழைக்கிற மாடு ஒரு நாளைக்கு 40 லிட்டருக்கு மேலும் குடிக்கும். லாடம் அடிப்பது பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.