சிறு வில்லையும் அகன்ற நிலமும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் கற்பிப்பவள் ஒளிப்படக் கருவியின் வில்லையைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் எண்ணலாம். என்னிடமுள்ள இரண்டு படங்களே காரணம். ஒன்று, என் திருமணத்தன்று எடுத்தது. அதில் அம்மாவின் முகம் மட்டும் துலங்குகிறது. பின்னுள்ளவை பனிமூட்டம்போல் கரைந்துவிட்டன. மற்றொன்று, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய என் தாய்மாமன் எடுத்தது. கைக்குழந்தையான என்னை இடுப்பில் ஏந்தி அம்மா நிற்கிறார். பின்னே சோளக்கொல்லை, கமலைக் கிணறு, இரண்டு மாடுகள், வரிசையாய்ப் பனைகள். அந்நிலம் இன்றில்லை; சுண்ணாம்புக்கல் வெட்டிய பெரும்பள்ளமாகிவிட்டது. அக்கிணறு இருந்ததற்கு எங்களிடமுள்ள ஒரே சான்று அந்தப் படம்தான்.

மாமா வைத்திருந்தது லைக்கா என்னும் ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா. அதில் 35 மில்லிமீட்டர் சம்மரான் என்னும் அகலக்கோண வில்லை. அதன் பெருந்துளையே எஃப் 3.5தான். ஒளியைக் குறைவாக உள்ளே விடுவதால், இத்தகையவற்றை மெதுவான வில்லைகள் என்பர். 1935இல் வந்த 28 மில்லிமீட்டர் ஹெக்டரின் துளை எஃப் 6.3. 1955இல் வந்த 28 மில்லிமீட்டர் சம்மரானின் துளை எஃப் 5.6, அதை 2016இல் மீண்டும் செய்து விற்றார்கள். பழமை மீதுள்ள பற்று மட்டும் இதற்குக் காரணமன்று.

ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவினுள் ஆடும் கண்ணாடி இல்லை. ஆகவே அகலக்கோண வில்லை ஃபிலிமை நெருங்கி அமரலாம், உருவிலும் சிறுக்கலாம். பார்க்கும் சாளரம் வில்லைக்கு மேலே தனியே உள்ளது. பெரிய வில்லையாயின் அச்சாளரத்தின் ஒரு மூலையை மறைக்கும், சிறியதோ மறைப்பதில்லை. 35 மில்லிமீட்டர் வில்லையின் துளையை எஃப் 8க்குக் குறுக்கி, ஏறத்தாழ 5 மீட்டர் தொலைவில் குவித்துவிட்டால், இரண்டரை மீட்டர் முதல் அடிவானம் வரை யாவும் தெளிவாக விழும். பெருந்துளை வில்லையையும் இவ்வாறு குறுக்கலாமே எனின், குறுக்கலாம்; ஆனால் பயன்படாத கண்ணாடியின் எடையையும் விலையையும் சுமக்க வேண்டும்.

நம் வெயிலுக்கு அச்சுமை எதற்கு? 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு, உச்சி வெயிலில் எஃப் 16 துளையும் ஒரு நொடியில் 125இல் ஒரு பங்கும் போதும். எஃப் 1.4 வரை திறந்தால் 16,000இல் ஒரு பங்கு வேண்டும். மாமாவின் காமிராவோ 1,000இல் ஒரு பங்கோடு நின்றுவிடும். இரவிலும் விளக்கொளியிலும் பெருந்துளையே உதவும், அதை மறுக்கவில்லை. கொல்லையில் நிற்பவருக்குச் சிறுதுளை போதும்.

சிறுமைக்கு மற்றொரு பயனும் உண்டு. ரமண மகரிஷி மறைந்த 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தவர் ஆன்றி கார்த்தியே பிரெசோன். அவர் பெரிதும் விரும்பியது 50 மில்லிமீட்டர் வில்லையே. எனினும், பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்த சிறு லைக்காவே அவர் கருவி. கருவி கண்ணை உறுத்தாதபோது எதிரிலிருப்பவர் தம் இயல்பில் இருக்கிறார்.

அகலக்கோணம் வேறொன்றையும் கேட்கிறது. முகம் தெரிய வேண்டுமானால் அருகில் செல்ல வேண்டும். அருகில் செல்ல உறவு வேண்டும். மாமாவுக்கு அந்த உறவு இருந்தது.

தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்று வகுத்தார். நிலமும் பொழுதுமே முதற்பொருள். மாந்தரின் உணர்வாகிய உரிப்பொருளை அந்நிலத்தினின்றும் பிரிக்காமல் பாடியது நம் மரபு. மாமாவின் படத்தில் இம்மூன்றும் உள்ளன. திருமணப் படத்தில் உரி மட்டுமே உள்ளது. அம்மா எந்த ஊரில் நின்றார் என்று அப்படத்தைப் பார்ப்பவர் சொல்ல இயலாது.

மாணவச் செல்வங்களே, உங்கள் கைப்பேசியிலும் சின்னஞ்சிறு அகலக்கோண வில்லை இருக்கிறது. முன்னும் பின்னும் தெளிவாகவே அது காட்டும். பின்புலத்தை மங்கச் செய்யும் முறையையும் அதிலேயே வைத்திருக்கிறார்கள். அழகுக்கு அதைப் பயன்படுத்துங்கள், தடையில்லை. ஆனால், உங்கள் அம்மாவை ஒருமுறையேனும் வீட்டின் முன், கொல்லையின் முன் நிறுத்தி, அந்த மங்கலை நீக்கிவிட்டு ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் நிற்கும் மரம் நாளை இருக்குமென்று யாரும் உறுதி கூற முடியாது.