பனி உருகும் நாட்டில் நோய்க் கணக்கு எடுப்பவர் யார்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பூமியின் சீதோஷ்ணம் மாறி வருவதால் வடகோடியில் வாழும் ஆதிகுடி மக்களின் தேக சுகத்திற்கு என்ன நேருகிறது என்பதும், அதைக் கவனித்துக் கணக்கெடுக்க வேண்டியவர் யார் என்பதுமாகும். "இங்கே வெயிலில் மண்டை வெடிக்கிறது, பனிக்கட்டி நாட்டு விவகாரம் நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் சேர்த்தவர்கள் ஒரு பக்கமும், அதன் பலனை முதலில் அனுபவிக்கின்றவர்கள் மற்றொரு பக்கமுமாக இருக்கின்றார்கள். இந்த அநியாயம் எங்கே முதலில் கண்ணுக்குத் தெரிகின்றதோ, அங்கே பார்த்துப் பாடம் கற்பதுதானே புத்திசாலித்தனம்?

1979-க்குப் பிறகு, உலகத்தின் சராசரியைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் வடதுருவப் பிரதேசம் சூடேறி வருகின்றது என்று 2022-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அப்பிரதேசத்தின் ஒரு ஓரத்தில், கனடா தேசத்து லாபரடார் கடற்கரையில், நுனாட்சியாவுட் என்ற பகுதி இருக்கின்றது. அங்கே இனூயிட் மக்கள் 2005 முதல் தங்களுக்கென்று ஒரு சுயஆட்சி நடத்தி வருகின்றார்கள். நயின், ஹோப்டேல், போஸ்ட்வில், மக்கோவிக், ரிகோலெட் என்று 5 ஊர்கள். வெளியுலகத்திலிருந்து இவற்றுக்கு ரோடு கிடையாது. கோடையில் படகு, மற்றக் காலங்களில் ஆகாய விமானம்தான்.

அப்படியானால் அவர்களுக்கு ரோடு எது? குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் கடல்தான் ரோடு. அதன்மேல் போய்த்தான் கடல்நாய் வேட்டை, மீன் பிடித்தல், விறகு கொண்டுவருதல், பக்கத்து ஊர் உறவினரைப் பார்த்தல் எல்லாம். 2009-10 குளிர்காலத்தில் அங்கே வழக்கத்துக்கு மாறான வெப்பம் கண்டு, அந்த ரோடு சரியாக உறையவே இல்லை. நேற்றுவரை தாங்கிய கட்டி இன்று காலடியில் உடைந்தால் மனிதன் உறைபனி நீரில் விழுகின்றான். விழுவானேன் என்று வீட்டில் இருந்தாலோ, வேட்டை உணவு குறைந்து, விமானத்தில் வரும் ஆனைவிலைக் கடைச் சாமானை நம்ப வேண்டியதாகின்றது. அன்றியும், வெளியே போகமுடியாமல் அடைபட்டுக் கிடப்பதே மனதை நோகச் செய்கின்றது என்று ரிகோலெட் ஊரார் ஆராய்ச்சிக்காரர்களிடம் சொல்லியிருக்கின்றார்கள். உடம்பு நோய் மாத்திரந்தான் நோய் என்று எண்ணுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனித் தண்ணீரைப் பாருங்கள். நயினிலும் ரிகோலெட்டிலும் மழைக் கணக்கையும், ஓடைத் தண்ணீரில் உள்ள கிருமிக் கணக்கையும், வைத்தியசாலைக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி என்று வந்தவர்கள் கணக்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பெருமழையோ பனி உருகலோ ஏற்பட்ட பிறகு தண்ணீரில் கிருமி அதிகரித்திருந்தது. 2 வாரம், 4 வாரம் சென்றதும் வைத்தியசாலையில் கூட்டம் அதிகரித்திருந்தது. தனித்தனியாகக் கிடந்தால் இவை மூன்று நோட்டுப் புத்தகங்கள். சேர்த்துப் பார்த்தாலோ, மழை பெய்த அன்றே "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்று சொல்லிவிடலாம். கணக்கெடுப்பதன் பலன் இதுதான்.

கணக்கெடுப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். ருஷியாவின் வடக்கே யமால் பிரதேசத்தில் நெனெட்ஸ் மக்கள் கலைமான் மேய்த்துப் பிழைக்கின்றார்கள். 1941-க்குப் பிறகு அங்கே அடைப்பான் நோய் காணவில்லை என்பதால், 2007-ல் மான்களுக்கு ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். 2016 கோடையில் கடும் வெப்பம் வந்து, உறைந்து கிடந்த மண் இளகிற்று. பழைய கால்நடைப் பிணங்களோடு புதைந்து கிடந்த கிருமி வெளிப்பட்டது என்று கருதப்படுகின்றது. 2,000-க்கு மேற்பட்ட மான்கள் மாண்டன. 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பிறகு ஊசி போடத் தொடங்கினார்கள்! மண்ணும் நோயும் வேறு வேறு இலாகா என்று இருந்ததன் விலை அது.

நிற்க, கவனிக்கின்றவர் யார் என்பதுதான் முக்கியம். வடநாட்டு மக்களைக் "கவனிக்க" இதற்கு முன்பும் பலர் போனார்கள். கனடா சர்க்கார் வடக்கே இருந்த இனூயிட்களுக்கு 1940-களில் நம்பர் போட்ட வில்லைகளைக் கொடுத்து, பெயருக்குப் பதிலாக நம்பரைப் பதிந்தது. காசநோய் என்று கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனது. 1956-ல் 7 இனூயிட்களில் ஒருவர் தெற்கத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தார். செத்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பல குடும்பங்களுக்குச் சொல்லவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க 2019 வரை ஆயிற்று. லாபரடாரிலோ, 1959-ல் ஹெப்ரான் என்ற ஊரையே காலி செய்தார்கள். அந்தச் செய்தியை எங்கே வைத்துச் சொன்னார்கள் தெரியுமா? எதிர்த்துப் பேசும் வழக்கமில்லாத மாதாகோவிலுக்குள் வைத்துச் சொன்னார்கள்! ஆகையால், பெட்டியும் பென்சிலுமாக வந்து இறங்குகின்றவனை அம்மக்கள் சந்தேகித்தால் அது அறியாமையா, அனுபவமா?

ஆனதால்தான் இப்பொழுது அவர்களே இவ்வேலையில் இறங்கியிருக்கின்றார்கள். நயினில் தொடங்கிய 'ஸ்மார்ட்-ஐஸ்' என்ற ஏற்பாட்டில், கட்டிக்குள் புதைத்த கருவியும், சறுக்கு வண்டியில் இழுத்துப்போகும் கருவியும் பனியின் கனத்தை அளக்கின்றன. அவற்றை நடத்துகின்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். 2017-ல் ஐக்கிய நாடுகள் சபை அதற்குப் பரிசளித்தது. ரிகோலெட்டில் 'ஈ-நூக்' என்ற கைபேசி ஏற்பாட்டின் மூலம், ஊரார் தாங்கள் காண்பதைப் படமாகவும் குரலாகவும் பதிந்து, சுகத்தோடு சேர்த்துப் பார்க்கின்றார்கள். எதை ஆராய்வது, அந்தத் தகவல் யாருக்குச் சொந்தம் என்பதில் தங்களுக்கே அதிகாரம் வேண்டும் என்று கனடா இனூயிட்களின் தேசிய ஸ்தாபனம் 2018-ல் ஒரு திட்டமே வெளியிட்டது.

"வேடனும் கிழவியும் சொல்லுவது விஞ்ஞானமாகுமா?" என்று சில படித்தவர்கள் கேட்பார்கள். நாம் சொல்லுவது, யார் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்பதல்ல. கண்டதைச் சொல், மற்றவர் கண்டதோடு ஒத்துப் பார், கருவியால் அளந்து பார், தப்பாயிருந்தால் திருத்து என்பதே. 50 வருஷம் ஒரே பனியின்மேல் நடந்தவன் அதன் நிறத்தையும் ஓசையையும் கவனித்ததும் பார்வைதான். பட்டம் பெற்றவன் கருவியால் அளந்ததும் பார்வைதான். இரண்டையும் சோதிப்பதுதான் பகுத்தறிவு. பட்டத்தைப் பார்த்து ஒன்றை ஏற்று, உடுப்பைப் பார்த்து மற்றொன்றைத் தள்ளுவது பகுத்தறிவாகாது.

கடைசியாக ஒரு வார்த்தை. எண்ணிக்கொண்டே இருப்பதால் மாத்திரம் எவனுக்கும் நோய் தீராது. கிருமி இருக்கின்றதென்று எழுதிவைத்து நல்ல தண்ணீர் கொடுக்காவிட்டால், மனம் நோகின்றது என்று பதிந்து வைத்து வைத்தியரை அனுப்பாவிட்டால், அந்தக் கணக்கு மக்களுக்கல்ல, பீரோவுக்குத்தான் பயன்படும். ஆகவே தோழர்களே! எங்கே யார் உங்களைப் பற்றிக் கணக்கெடுக்க வந்தாலும் 3 கேள்வி கேளுங்கள்: எதற்காக எடுக்கின்றாய்? எடுத்தது யாரிடம் இருக்கும்? அதைக்கொண்டு எங்களுக்கு என்ன செய்யப் போகின்றாய்? இந்தக் கேள்விகளைக் கேட்க வடகோடி மக்கள் துணிந்துவிட்டார்கள். நாமும் துணிய வேண்டுமென்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.