எடை மேடையும் வைஃபை பெட்டியும்: எங்கள் புளிக் கிடங்கு அனுபவம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

கிடங்கைப் பத்திப் பேசச் சொன்னாங்க. வரவு செலவைப் பொருளாளர் படிச்சிட்டாங்க. நான் ஒரே ஒரு பில்லைப் பத்திப் பேசுறேன்.

போன பங்குனியில் ஒரு அக்கா கொட்டை எடுத்த புளி கொண்டு வந்தாங்க. எடை மேடையில் சிவப்பு எழுத்து 41.600 காட்டுச்சு. நான் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரில் பில் போட்டேன். பில்லில் 33.200 வந்துச்சு. அது அவங்களுக்கு முன்னாடி வந்தவங்களோட எடை. 8 கிலோ 400 கிராம் குறைவு. கிலோ 100 ரூபாய்னு வெச்சாலும் 840 ரூபாய். "வியாபாரி தராசை அழுத்துவான், நீங்க கம்ப்யூட்டரை அழுத்துறீங்களா?"ன்னு வாசலில் நின்னு கேட்டுட்டாங்க. வியாபாரிங்க மூட்டைக்கு இவ்வளவுன்னு கழிவு பிடிக்கிறது பொறுக்காமத்தானே இந்தக் கிடங்கையே ஆரம்பிச்சோம். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

தராசு சரியாத்தான் எடை காட்டியிருக்கு. அந்த எடையைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புற வைஃபை பெட்டி தனியா வெளியே இருக்கு. அதுக்கும் ரவுட்டருக்கும் தொடர்பு விட்டுப்போச்சு. கம்ப்யூட்டர் "எடை வரலை"ன்னு சொல்லாம, கடைசியா வந்ததையே திரையில் காட்டிக்கிட்டு இருந்திருக்கு. நான் எழுந்து போய் சிவப்பு எழுத்தைப் பார்க்கலை. அது என் தப்பு. மீதிப் பணத்தை அவங்க வீட்டுக்கே போய்க் கொடுத்துட்டு வந்தேன்.

மெக்கானிக் டவுனிலிருந்து வரணும். ஒவ்வொரு தடவையும் 800 ரூபாய். ரெண்டாவது தடவை வந்தப்போ நோட்டும் பேனாவுமா அவர் பக்கத்திலேயே நின்னேன். முதல் தடவை கோளாறு, புது ரவுட்டர் மாத்தினதால வந்தது. அதில் ரெண்டு பேரில் வைஃபை வரும், ஒண்ணு 2.4, இன்னொண்ணு 5. நம்ம பெட்டி 2.4 மட்டும்தான் பிடிக்கும். பழைய பேரும் பாஸ்வேர்டும் மாறினதால பெட்டி தவிச்சு நின்னிருக்கு. ரெண்டாவது தடவை, கரண்ட் போய் வந்த பிறகு வந்த கோளாறு. (கரண்ட் போறது நமக்கு என்ன புதுசா?) ரவுட்டர் ஒவ்வொரு மிஷினுக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஒரு எண் கொடுக்கும். கரண்ட் வந்ததும் பெட்டிக்கு வேற எண் கொடுத்துடுச்சு. கம்ப்யூட்டர் பழைய கதவையே தட்டிக்கிட்டு இருந்துச்சு. ரவுட்டருக்குள்ள போய், இந்தப் பெட்டிக்கு எப்பவும் இதே எண்தான்னு நிலையா வெச்சுட்டார்.

அதுக்கப்புறமும் விட்டு விட்டு வந்துச்சு. காலையில் நல்லா வரும், சாயங்காலம் ஆனா போயிடும். மெக்கானிக்கைக் கூப்பிட எனக்கு மனசு வரலை. என் போனை அதே வைஃபையில் போட்டு, மேடைகிட்ட நின்னு கோடு எத்தனை இருக்குன்னு பார்த்தேன். காலையில் மூணு கோடு, சாயங்காலம் ஒண்ணு. என்ன மாறுதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். மூட்டைதான்! காலையில் கிடங்கு காலி. சாயங்காலம் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் உயரத்துக்குப் புளி மூட்டை. ஈரப்பசை உள்ள சரக்கு வைஃபையை உறிஞ்சிடும். அந்தப் பக்கம் அறையில் ரவுட்டருக்கு முன்னாடி இரும்பு பீரோ வேற. பெட்டியைக் கழட்டி மூட்டைக்கு மேல உயரமா சுவரில் மாட்டினோம், ரவுட்டரை பீரோ மேல ஏத்தினோம். செலவு ரெண்டு ஆணி, ஏழெட்டு அடி ஒயர்.

இப்போ எடை வரலைன்னா நாங்க பதறுறதில்லை. முதல்ல சிவப்பு எழுத்து ஓடுதா, அசையாம நிக்குதான்னு பார்ப்போம். மேடை ஆடிக்கிட்டு இருந்தா எங்க தராசு எடையை அனுப்பாது. மூட்டை சுவரில் சாஞ்சிருந்தாலும் எடை தப்பா வரும். அப்புறம் பெட்டியில் விளக்கு எரியுதா, பேட்டரியில் சார்ஜ் இருக்கான்னு பார்ப்போம். அடுத்து போன் கோடு. கடைசியா கம்ப்யூட்டரில் கறுப்பு ஜன்னலைத் திறந்து பிங்னு அடிச்சு, பெட்டியோட எண்ணைப் போடுவோம். பதில் வந்தா வழி திறந்திருக்கு, கோளாறு பெரும்பாலும் பில் போடுற சாப்ட்வேரில். பதில் வரலைன்னா வழியில்தான் எங்கேயோ அடைப்பு. பத்தாவது படிச்ச நான் அடிக்கிறேன், நீங்களும் அடிக்கலாம்.

ஒண்ணு மட்டும் செய்யக் கூடாது. தராசில் முத்திரை போட்டிருக்கிற சீலைப் பிரிச்சு உள்ளே கை வைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போடணும்கிறது சட்டம். வைஃபை கோளாறுக்குத் தராசைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

கோளாறு சரியாகிற வரைக்கும் கையால எழுதுறதுக்கு ஒரு நோட்டு, எடை மேடை பக்கத்தில் கயிறு கட்டித் தொங்குது. எடை காட்டுற பக்கத்தைப் புளி கொண்டு வர்றவங்களைப் பார்க்கத் திருப்பி வெச்சிருக்கோம். அவங்க வாயால எடையைப் படிச்சுச் சொன்ன பிறகுதான் பில். இந்த மாசி மாசம் அதே அக்கா திரும்ப வந்தாங்க. கிடங்கே கேட்கிற மாதிரி சத்தமாப் படிச்சாங்க, "முப்பத்தி எட்டு அறுநூறு!" திரையிலும் அதேதான் இருந்துச்சு.