நடக்கத் தகுந்த தெரு யாருக்கு?

(மாணவர்கள் கூட்டிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுறவன், பகல்ல பேங்க் கவுண்டர்ல பணம் எண்ணுறவன். இவனுக்கும் நகரத் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேட்கலாம். 'பாதசாரிகளுக்கு உகந்த கலப்புப் பயன்பாட்டு வணிகப் பகுதி விதிகள்' என்று தலைப்பைப் பார்த்ததும் எனக்கே மலைப்பாகத்தான் இருந்தது. உடைத்துப் பார்த்தால் விஷயம் எளிமையானது. கீழே கடை, மேலே வீடு, முன்னால் அகலமான நடைபாதை. வண்டி ஏறாமல் நடந்தே எல்லாம் வாங்கிக்கொள்ளக்கூடிய தெரு. அப்படியொரு தெருவை விதி போட்டு உண்டாக்குவது. அவ்வளவுதான்.

ஆனால் தெருவில் யார் நடக்கலாம் என்று விதி போடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பொதுச்சாலையையும் கிணற்றையும் எல்லா சாதியாரும் பயன்படுத்தலாம் என்று சொல்ல, 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானமே கொண்டுவர வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், பாதசாரிகளுக்காக இங்கே போடப்பட்ட முக்கியமான விதி அதுதான். பிறகு வந்த அரசியல் சட்டமும் 15ஆவது பிரிவில் கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்கிறது. ஏன் பேர் சொல்லணும்? 'எல்லோருக்கும்' என்று பொதுவாக எழுதினால் அந்த எல்லோரில் நாம் இருக்க மாட்டோம். அதுதான் நம் அனுபவம். இந்த ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இது குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை என்று வண்ணம் பூசுவதுதான் நிலப் பயன்பாட்டு மண்டலம். நியூயார்க் நகரம் முழுவதற்குமான மண்டல விதி 1916இல் வந்தது. அதற்காக மும்முரமாக நின்றவர்களில் ஐந்தாவது அவென்யூவின் பெரிய கடைக்காரர்களும் உண்டு. பக்கத்துத் தையல் ஆலைகளில் வேலை செய்த, பிற நாடுகளிலிருந்து குடியேறிய தொழிலாளர்கள் மதிய நேரத்தில் நடைபாதையில் கூட்டமாக நின்றார்கள். அதைப் பார்த்தால் கண்ணியமான வாடிக்கையாளர் வரமாட்டார் என்பது அவர்கள் கவலை. பால்டிமோர் நகரம் 1910இலேயே கறுப்பருக்கு ஒரு தெரு, வெள்ளையருக்கு ஒரு தெரு என்று சட்டம் போட்டிருந்தது. லூயிவில் நகரின் இதே போன்ற சட்டத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1917இல் செல்லாது என்றது. பிறகு நிறத்தின் பேரைச் சொல்லாமல், 'இங்கே தனி வீடு மட்டும், மனை இத்தனை பெரிசாக இருக்கணும்' என்று எழுதி அதே வேலையைச் செய்துகொண்டார்கள். ஊரும் சேரியும் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை.

அப்படியானால் கலப்புப் பயன்பாட்டை நாம் எதிர்க்கணுமா? இல்லை தோழர்களே, நாம்தான் அதைக் கேட்க வேண்டும். வீடு ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று பிரித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் சாட்சி. நகரின் நடுவில் வேலைக்கு நடந்தே போனவர்களைப் பல கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் அடுக்குகளில் வைத்தார்கள். வீடு கட்டினார்கள், பிழைப்பைக் கட்டவில்லை. தரைத்தள வீட்டின் ஜன்னலை மக்களே கடையாக்கிக்கொண்டார்கள். இட்லி, சோப்பு, பீடி எல்லாம் அந்தக் கம்பி வழியாக வந்தது. திட்டம் போட்டவர்கள் விட்டதை ஜன்னல் சரிசெய்தது. ஆனால் விதிப்புத்தகத்தில் அதற்குப் பேர் விதிமீறல்.

தியாகராய நகர் பாண்டி பஜாரைப் பாருங்கள். 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் திறந்தார்கள். அகலமான நடைபாதை, உட்கார பெஞ்சு. நானும் போய் உட்கார்ந்தேன், நல்லாத்தான் இருக்கு. வயசானவர்களும் குழந்தைகளும் பயமில்லாமல் நடக்கிறார்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அந்த நடைபாதையில் பல காலம் கடை போட்டிருந்தவர்களை 2013இலேயே மாநகராட்சி கட்டிய வளாகத்துக்குள் மாற்றியாகிவிட்டது. முதலில் ஆளை எடுத்தார்கள், அப்புறம் பாதையை அகலமாக்கினார்கள். போகிறவர் கண்ணில் பட்டு, நின்று, பேரம் பேசி வாங்குவதுதான் தெருக்கடை. ஹேர்பின் வாங்க மாடி ஏறி வருகிறவர் எத்தனை பேர்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். ஏற்கெனவே இருக்கிற சந்தையையோ, கணக்கெடுப்பில் கண்ட இயல்பான சந்தையையோ விற்பனை இல்லாப் பகுதியாக அறிவிக்கக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் என்கிறது. பேர் சொல்லி எழுதிய சட்டம். ஆனால் கணக்கெடுப்பில் விழுந்தால்தான் அதற்குள் நீங்கள் ஆள்.

2020இல் தெரு வியாபாரிகளுக்கு ஒரு கடன் திட்டம் வந்தது. முதல் தவணை அப்போது 10,000 ரூபாய். எங்க கிளைக்கு ஒரு பூக்கார அக்கா வந்தாங்க. அடையாள அட்டை இல்லை, பரிந்துரைக் கடிதமும் இல்லை. "கணக்கு எடுக்க வந்த அன்னிக்கு பொண்ணுக்குப் பிரசவம் சார், ஆஸ்பத்திரில இருந்தேன். இருபது வருசமா அதே எடத்துலதான் குந்தினுகீறேன், எல்லாருக்கும் தெரியும்" என்றார். எல்லாருக்கும் தெரிந்தது ஃபைலுக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தவன் நான்தான். அந்த வெட்கம்தான் என்னை இங்கே பேச வைத்திருக்கிறது.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் வந்தது. அதன் இலக்கு 2026. மூன்றாவதன் காலம் 2027 முதல் 2046 வரை. இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்கள் வேலைக்குப் போய், வாடகைக்கு வீடு தேடி, பிள்ளை வளர்க்கப்போகும் காலம் அது. அதில் நாம் பேர் சொல்லிக் கேட்க வேண்டியவை சில.

நடைபாதையை வரையும்போதே தெருக்கடைக்கான அகலத்தையும் வரைபடத்தில் போடுங்கள். மிச்சம் இருந்தால் தருகிறோம் என்பது பிச்சை. கட்டடத்துக்கு இத்தனை கார் நிறுத்தணும் என்ற கட்டாயத்தைக் குறையுங்கள். இரண்டரைக்கு ஐந்து மீட்டர், ஒரு கார் நிற்கிற அந்த இடத்தில் நாலுக்கு ஆறடிக் கடை ஐந்து போடலாம். கழிப்பறையும் தண்ணீரும் இல்லாமல் பெண்கள் பத்து மணி நேரம் எப்படிக் கடையில் உட்காருவார்கள்? அதையும் விதியில் எழுதுங்கள். தெரு அழகானதும் வாடகை ஏறும். மேலே உள்ள வீடுகளில் ஒரு பங்கு ஏழைகள் கட்டக்கூடிய வாடகையில் இருக்கட்டும்.

இன்னொன்று. செருப்பு தைக்கிறவருக்கு மரத்தடியை உறுதி செய்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. சாதி கொடுத்த தொழிலுக்குப் பாதுகாப்பான மூலை கேட்பது விடுதலை ஆகாது. அவர் மகள் அதே தெருவில் தரைத்தளக் கடையை வாடகைக்கு எடுக்க முடியணும், மாடியில் குடியேற முடியணும். 'வெஜிடேரியன் மட்டும்' என்று தொங்குகிற பலகையும் மண்டல விதிதான். அரசாங்கம் வரையாத வரைபடம் அது. கடையையும் வீட்டையும் கலக்கிறவர்கள் மனிதர்கள் கலப்பதற்கும் விதி எழுதட்டும்.

முழுமைத் திட்டங்கள் வரும்போது ஆட்சேபம் தெரிவிக்க நாள் குறிப்பார்கள். தொழில்நுட்ப விஷயம், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் விட்டுவிடுகிறோம். இந்த முறை வேண்டாம். உங்கள் தெருவில் இறங்கி, ஒவ்வொரு கடையையும் எண்ணுங்கள், நடந்து அளந்து எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பூக்கார அக்காவின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.