சட்டத்திற்கு முந்திய செங்கல்



பாடல் நிலைத்தால் பாடியவர் பெயரும் நிலைக்கும். வீடு நிலைத்தாலும் செங்கல் அடுக்கிய கொத்தனின் பெயர் நிலைப்பதில்லை. அவ்வாறு பெயர் மறைந்தோர் எழுப்பிய நான்கு வீடுகள் இலண்டனின் வடபால், நியூயிங்டன் கிரீன் என்னும் திடலை நோக்கி நிற்கின்றன. 52 முதல் 55 வரை எண்ணிட்ட இவை 1658-இல் எழுந்தவை. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள செங்கல் தொடர்வீடுகளுள் மிகப் பழையவையாகப் போற்றப்படுகின்றன.

தொடர்வீட்டின் உயிர்நிலை பொதுச்சுவர். அதனை இரு வீட்டாரும் தாங்குகின்றனர். அது இரு வீட்டாரையும் தாங்குகிறது. முகப்பில் செங்கல்லாலான அரைத்தூண்கள். கூரையில் வீட்டுக்கொரு முக்கோண முகடு. முகடுகள் நான்கு, முகமோ ஒன்று.

1666 செப்டம்பரில் இலண்டனைப் பெருந்தீ விழுங்கியது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. மரவீடு அடுத்த மரவீட்டுக்கு நெருப்பைக் கைமாற்றியது. நகருக்கு வெளியே இருந்த இத்திடலைத் தீ எட்டவில்லை. மறு ஆண்டில், நகரின் புதுவீடுகள் செங்கல்லாலோ கல்லாலோ அமையவேண்டும் என்று சட்டம் பிறந்தது. சூளையில் வெந்த மண் மீண்டும் வேகாது என்னும் உண்மையைச் சட்டம் 1667-இல் உணர்ந்தது. இவ்வூர்க் கொத்தனோ 1658-இலேயே கையாண்டான்.

செங்கல்லில் முந்திய இவ்வூர் சிந்தனையிலும் முந்தியது. அரசுத் திருச்சபைக்கு உடன்படாதோர் இங்கே குடியேறினர். பல்கலைக்கழகக் கதவுகள் அவர்களுக்கு அடைபட்டிருந்தமையால் தமக்கெனக் கல்விக்கூடம் கண்டனர். டேனியல் டீபோ அங்குப் பயின்றவர். 1763-இல் கவிஞர் சாமுவேல் ரோஜர்ஸ் இவ்வூரில் பிறந்தார். 1850-இல் அரசவைக் கவிஞர் பதவி தேடிவந்தபோது, அதனை ஏற்க மறுத்தவர் அவர்.

54-ஆம் எண் வீட்டில் 1758 முதல் ஏறத்தாழ முப்பதாண்டு வாழ்ந்தவர் ரிச்சர்டு பிரைசு. சமயப் பொழிவாளர்; அமெரிக்க விடுதலைக்குக் குரல் கொடுத்தவர். 1784-இல் இவ்வூரில் பெண்கள் சிலர் பள்ளியொன்றைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் மேரி உல்ஸ்டன்கிராப்ட். வேறு திருச்சபையில் பிறந்தவராயினும் பிரைசின் பொழிவைக் கேட்க வந்தார். பள்ளி ஈராண்டில் மூடப்பட்டது. கேட்ட சொல் மூடப்படவில்லை.

1789-இல் பிரைசு பிரெஞ்சுப் புரட்சியை வாழ்த்திப் பேசினார். எட்மண்டு பர்க் அவரைச் சாடி நூலெழுதினார். அதற்கு 1790-இல் முதன்முதலாக எழுந்த மறுப்பு நூல்களுள் ஒன்று மேரியுடையது. முதற்பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. இரண்டாம் பதிப்பில்தான் பெண்ணின் பெயர் ஏறியது. 1792-இல் பெண்ணுரிமைக்கென்றே தனிநூல் படைத்தார். பிரிட்டனில் ஆணுக்கு நிகரான வாக்குரிமை பெண்ணுக்குக் கிடைத்ததோ 1928-இல். வீட்டுக்கு ஒன்பதாண்டு பிந்திய சட்டம், பெண்ணுக்கு நூற்று முப்பத்தாறு ஆண்டு பிந்தியது.

2020-இல் அத்திடலில் மேரியின் நினைவாகச் சிலையொன்று எழுந்தது. அதிலுள்ள ஆடையற்ற பெண்ணுருவம் கடும் விவாதத்தையும் எழுப்பியது. பெண்ணை எவ்வாறு நினைவுகூர்வது என்னும் வினா இன்னும் முடியவில்லை.

சட்டம் சொல்லுமுன் செங்கல் வைப்பவரே கவிஞர். பத்தாண்டாகத் தோளொடு தோள் நிற்கும் இவ்வட்டமும் ஒரு தொடர்வீடே. முகடு தனித்தனியாக இருக்கட்டும். பொதுச்சுவர் வலிமையாக இருக்கட்டும். சுவரெழுப்பிய எவர் பெயரும், குறிப்பாகப் பெண்ணின் பெயர், முதற்பதிப்பிலேயே ஏறட்டும்.