கண்ணாடி காட்டிய வித்தியாசம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'துகள் இயற்பியலில் சமச்சீர்' என்று தலைப்பு கொடுத்துவிட்டார்கள். நானோ மெக்கானிக்கல் ஆசாமி. போல்ட், நட்டு பாஷைதான் எனக்கு நன்றாக வரும். அதிலேயே ஆரம்பிக்கிறேன்.

சாதாரண போல்ட் வலது மரை. அதைக் கண்ணாடி முன் பிடித்தால் உள்ளே இடது மரை போல்ட் தெரியும். அப்படி ஒன்று நிஜத்தில் உண்டா? சைக்கிளின் இடது பெடலைக் கழற்றிப் பாருங்க, இடது மரைதான்! அதுவும் அதே பலத்தோடுதான் பிடிக்கிறது. ஆக, கண்ணாடிக்குள் தெரிவது எதுவானாலும் வெளியிலும் நடக்கக்கூடியதே. இயற்கைக்கு வலது, இடது என்ற பேதம் கிடையாது. இதற்குப் பேரிட்டி சமச்சீர் என்று பெயர். மின்காந்த விசை இதற்குக் கட்டுப்பட்டது. எனவே கதிரியக்கத்தில் பீட்டா சிதைவை உண்டாக்கும் வலிமை குறைந்த அணுக்கரு விசையும் கட்டுப்படும் என்றே எல்லோரும் எடுத்துக் கொண்டார்கள்.

1956-இல் ஒரு சிக்கல் இருந்தது. நிறையிலும் ஆயுளிலும் ஒன்று போலவே இருந்த இரண்டு துகள்களில் ஒன்று இரண்டு பையான்களாகச் சிதைந்தது, மற்றொன்று மூன்றாக. பேரிட்டி விதிப்படி இரண்டும் ஒரே துகளாக இருக்க முடியாது. அமெரிக்காவில் பணியாற்றிய சீன இயற்பியலாளர்கள் லீ, யாங் இருவரும் பழைய சோதனைகளையெல்லாம் புரட்டிப் பார்த்தார்கள். அந்த விசையைப் பொறுத்தவரை பேரிட்டி சரியா, தப்பா என்று ஒருவர்கூட அளந்து பார்த்ததே இல்லை!

அளந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியை சியென்-ஷியுங் வூ. 1936-இல் சீனாவை விட்டு வந்தவர். இருபது வருஷம் கழித்துக் கணவருடன் கீழ்த்திசை நாடுகளுக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார். இந்தச் சோதனைக்காகப் பயணத்தை ரத்து செய்தார். கணவர் மட்டும் கப்பலேறினார்.

வாஷிங்டனில் இருந்த தேசிய தர நிர்ணய நிறுவனத்தில் கோபால்ட்-60 அணுக்களைச் சுமார் 0.01 கெல்வின் வரை குளிர்வித்து, காந்தப்புலத்தால் அவற்றின் சுழற்சியை ஒரே பக்கமாகத் திருப்பினார்கள். பம்பரத்தைப் பக்கத்திலுள்ள கண்ணாடியில் பார்த்தால் சுழலும் திசை மாறும். மேல் கீழ் மாறாது. ஆகவே சமச்சீர் உண்மையென்றால் சுழல் அச்சின் இரு முனைகளிலும் எலக்ட்ரான்கள் சரிசமமாக வெளிவர வேண்டும். வரவில்லை. சுழற்சிக்கு எதிர்முனையில் அதிகமாக வந்தன. காந்தப்புலத்தைத் திருப்பினால் அந்த வித்தியாசமும் திரும்பியது. சில நிமிஷங்களில் படிகம் சூடேறியதும் மறைந்தது. கருவிக் கோளாறு என்று தள்ள வழியே இல்லை. வேறு விதி கண்டிப்பாக அமையாது என்று பந்தயம் கட்டத் தயாராயிருந்த பௌலியும் 1957 ஜனவரியில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தக் கோணல் எந்த வடிவில் விதிக்குள் இருக்கிறது என்று அதே 1957-இல் மார்ஷாக்குடன் சேர்ந்து சொன்னவர் ஜார்ஜ் சுதர்சன். கேரளத்தில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்.

இன்னொரு வகை முறிவும் உண்டு. அது நம்ம லேபிலேயே இருக்கிறது. உருண்டையான நீளக் கம்பியை நேர் மேலிருந்து அழுத்துங்கள். ஆய்லர் சொன்ன எல்லைச் சுமை தாண்டியதும் ஏதோ ஒரு பக்கம் வளையும். கம்பிக்கும் சமன்பாட்டுக்கும் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். விளைவு மட்டும் ஒரு பக்கம். விதி நேராக இருந்தும் நிலை கோணலாகிறது. இந்தக் கருத்தைத் துகள் இயற்பியலுக்குக் கொண்டுவந்தவர் நாம்பு. 1964-இல் ஹிக்ஸும், பிரௌட்-எங்லேர் இருவரும் இதைக்கொண்டு விசைத் துகள்களுக்கு நிறை வரும் வழியைக் காட்டினார்கள். ஃபோட்டானுக்கு நிறை இல்லை. அதன் உறவுக்காரரான W துகளோ புரோட்டானைப் போல் சுமார் 86 மடங்கு. இதற்குச் சாட்சியான ஹிக்ஸ் துகள் கிடைத்ததாக செர்ன் ஆய்வுக்கூடம் அறிவித்தது 2012 ஜூலை 4-இல். ஏறத்தாழ 48 வருஷக் காத்திருப்பு!

லீ, யாங் இருவருக்கும் 1957-லேயே நோபல் பரிசு கிடைத்தது. வூ அம்மையாருக்குக் கிடைக்கவே இல்லை. 1978-இல் வுல்ஃப் பரிசு வந்தது. மாணவிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பரிசுக் குழுக்களில் உட்காரப் போகிற மாணவர்களும்தான்.

தம்பி, தங்கைகளே! வேலைக்குப் போனதும் அட்டவணை, கோடு புத்தகம், 'எப்பவும் இப்படித்தான் போடுவோம்' என்ற அண்ணன்மார் வாக்கு எல்லாம் கைக்கு வரும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இருந்தாலும் பாலமோ பாய்லரோ, கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்க: 'இதை யார் அளந்தார்கள்?' யாரும் அளக்கவில்லை என்று தெரிந்தால் நீங்களே அளந்துவிடுங்கள்.