இசை கலக்கலாம், மொழி கரையலாமா?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

'இசைக்கு மொழியில்லை' என்று ஒரு கூற்று அடிக்கடி காதில் விழுகின்றது. பல நாட்டு இசைகளையும் ஒரே மேடையில் குழைத்துப் பாடுவோர் பெருகிவிட்ட இந்நாளில், அக்கூற்றே அவர்கட்கு அரணாகவும் அமைந்துவிட்டது. பண் இனித்தாற் போதும். பாட்டிலுள்ள சொல்லை எவர் பொருட்படுத்துவர் என்பதே அதன் உட்கிடை. அது மெய்தானா என்று ஆராய்வார்க்குத் தென்னாப்பிரிக்கப் பாடினி மிரியம் மக்கேபாவின் வாழ்க்கையினும் ஏற்றதொரு சான்று கிடைத்தல் அரிது.

அவர் 1932ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள் சோகன்னசுபர்கு நகரிற் பிறந்தார். 18 நாட் குழவியாய் இருக்கும்போதே தாயின் இடுப்பிலேறிச் சிறை புகுந்தார். வயிற்றுப்பாட்டிற்காக வீட்டிற் சோளக்கள் வடித்து விற்றதே அத்தாய் செய்த குற்றம். அதற்குத் தண்டனை ஆறு திங்கள்.

வளர்ந்து மேடையேறிய மக்கேபா பாடியது கலப்பிசையே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஒருவர் முன்பாடப் பலர் பின்பாடும் முறை ஆப்பிரிக்க மண்ணுக்குரியது. குரலை அடுக்கடுக்காய்ச் சேர்க்கும் ஒழுங்கோ, அமெரிக்கக் கருப்பின மக்கள் வளர்த்தெடுத்த சாசு இசையினின்று இசைத்தட்டு வழியே வந்தது. இவ்விரண்டும் 1950-களில் அவர் பாடிய குழுக்களில் ஒன்றாய் இயைந்தன. ஆயினும் பாட்டின் சொல் கோசாவாகவும் சூலுவாகவும் நின்றது. கலப்பு என்றாலே முகஞ்சுளிப்பது அறிவுடைமையன்று. எது கலந்தது, எது நின்றது என்பதையே நோக்குதல் வேண்டும்.

அக்காலத்தே நேர்ந்த ஒன்றை இங்குச் சற்று விரித்துரைத்தல் தகும். பொழுது சாயும் வேளையைப் பெயராகக் கொண்ட கோசா மொழிப்பாட்டு ஒன்றை மக்கேபா பாடிவந்தார். காணாமற்போன அன்புக்குரியாரை மருத்துவமனைதோறும் சிறைதோறும் தேடியலையும் நெஞ்சின் துயரத்தைக் கூறுவது அப்பாட்டு. நடமாட்டச் சீட்டு இல்லையென்று கருப்பர் நாடோறும் பிடித்துச் செல்லப்பட்ட நாட்டில் அது வெறுங்காதற் பாட்டன்று. அமெரிக்க இசைத்தட்டு வணிகர் அதன் மெட்டை விரும்பினர்; சொல்லை விரும்பவில்லை. அதே மெட்டுக்கு ஆங்கிலத்தில் வேறு பாட்டுப் புனைந்தனர். இனிக்க இனிக்கப் பொய்சொல்லும் காதலனைப் பற்றியது அது! அதனையும் மக்கேபாவே பாட நேர்ந்தது. 1956இல் அஃது அமெரிக்க விற்பனைப் பட்டியலிலும் இடம்பெற்றது. மெட்டு அதுவே, குரலும் அதுவே. பாட்டிலிருந்த சிறைச்சாலை மட்டும் காணாமற் போயிற்று. இசைக்கு மொழியில்லை என்பார் இதற்கு யாது விடை கூறுவர்?

1959இல் மக்கேபா நியூயார்க்கு மேடையை அடைந்தார். அங்கே அவர் பாடிய 'கொங்கொத்வானே' என்பது கோசா மக்களின் திருமணப் பாட்டு. நாவைப் பல்லிலும் அண்ணத்திலும் பக்கத்திலும் ஒட்டிச் சொடுக்கப் பிறக்கும் மெய்யொலிகள் அம்மொழியில் உள. வெள்ளையர் அப்பாட்டிற்குச் 'சொடுக்குப் பாட்டு' என்று பெயரிட்டனர். உண்மைப் பெயரைச் சொல்ல நாவெழாதவர் இட்ட பெயர் அது என்று மேடையிலேயே நகைத்துக் கூறிவிட்டுத்தான் மக்கேபா பாடத் தொடங்குவார். அது வாய்வேடிக்கையன்று, தம் மொழி என்றும் தெளிவுறுத்துவார். ழகரம் ஒலிக்க வராதவர் எழுதிய பெயரையே தம் மொழிக்குப் பெயராக வழங்கிக்கொண்டு திரியும் தமிழர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக!

1960இல் சார்ப்பெவில் என்னுமிடத்தில் 69 பேரைக் காவற்படை சுட்டுக்கொன்றது. அவ்வாண்டே மக்கேபாவின் தாய் மறைந்தார். இறுதிக்கடன் ஆற்றப் புறப்பட்ட மகளின் கடவுச்சீட்டு செல்லாதென்று மறுக்கப்பட்டது. 1963இல் ஐ.நா. மன்றத்தில் நிறவெறி அரசை எதிர்த்துச் சான்றுரைத்த பின், அவ்வரசு அவர் குடியுரிமையைப் பறித்தது, இசைத்தட்டுகளையும் தடைசெய்தது. அவ்வரசு அஞ்சியது சாசு இசைக்கா? அன்று. அச்சொற்களைத் தன் நாட்டு மக்கள் அறிவர் என்பதற்கே அஞ்சியது.

வுயிசிலே மினி என்னும் தொழிற்சங்கத் தலைவர், தலைமையமைச்சர் வெர்வோர்டை எச்சரித்துக் கோசா மொழியிற் பாட்டுக் கட்டியவர். 1964இல் அவர் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டே அப்பாட்டு, ஆரி பெலபாண்டேயும் மக்கேபாவும் இணைந்து வெளியிட்ட இசைத்தட்டில் உலகெங்கும் ஒலித்தது. ஆப்பிரிக்க மொழிப்பாடல்களே நிறைந்த அத்தட்டிற்கு 1966இல் கிராமிப் பரிசும் கிடைத்தது. சொல்லை மாற்றினால்தான் விற்கும் என்ற வணிகர் கணக்கு அங்கே பொய்த்தது.

1976இல் சொவெத்தோ மாணவர்மேல் ஆப்பிரிக்கான்சு மொழி பயிற்றுமொழியாகத் திணிக்கப்பட்டது. எதிர்த்துத் தெருவில் இறங்கிய சிறார்மேற் குண்டுகள் பாய்ந்தன. 1965ஐக் கண்ட தமிழ்நாட்டார்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? இயூ மசெக்கேலா அத்துயரைப் பாட்டாக்கினார். மக்கேபா அதனை மேடைதோறும் கொண்டுசென்றார். அதில் ஆங்கிலமும் உண்டு. கேட்போர் அறிய வேண்டியதை அவர்தம் மொழியிற் சொல்வது வேறு. தன் மொழியை விற்றுவிடுவது வேறு.

ஒரு குறையையும் ஒளிக்காமற் சொல்லுதல் வேண்டும். உலகம் அவரை அறிந்தது 1967இற் பெரும்புகழ் பெற்ற 'பட்டா பட்டா' எனும் ஆடற்பாட்டால். ஆழமற்ற அப்பாட்டே தமக்கு அடையாளமானது குறித்து அவர்க்கே மனக்குறை இருந்தது. நாடு கடந்து வாழ்ந்து, மண்டேலா விடுதலையான 1990இல்தான் தாயகம் திரும்பினார்.

2008ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இத்தாலியின் காசுடல் வோல்தூர்னோவில், கொலைக்கும்பலை எதிர்த்தெழுதிய இராபர்த்தோ சவியானோவுக்குத் துணைநின்று நிகழ்ந்த அரங்கில் மக்கேபா பாடினார். அவ்வூரில் ஆறு ஆப்பிரிக்கர்கள் அக்கும்பலாற் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு திங்கள்கூட ஆகவில்லை. அகவை 76. இறுதியாகப் பாடியது அந்தப் 'பட்டா பட்டா'வே. பாடி முடித்து மேடையினின்று அகன்றவர் மயங்கி வீழ்ந்தார். அன்றிரவே உயிர் பிரிந்தது.